மாத்திரை உட்காரும் இடம்

போன செவ்வாய்க்கிழமை காலை. திண்டிவனம் வீட்டில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி சேகரிடமிருந்து போன். கெடாரில் விவசாயம் பார்ப்பவன். சில மாதங்களாகக் காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறான்.

"யக்கா, கூட்டேரிப்பட்டுல கீறேன். காமாலைக்குப் பச்சில மருந்து வாங்க வந்தேன்."

"காமாலைன்னு யார்ரா சொன்னது?"

"யாரு சொல்லணும்? மாத்திர போட்டப்பல்லாம் ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போச்சி. அந்த மாத்திர செம சூடுக்கா. பத்து நாளா நிறுத்திட்டேன்."

பத்து நாளா! அடுப்பை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை. மகள் கயலை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவள் எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி படிக்கிறாள். டிரைவர் ஏன் இப்படி உருட்டுகிறார்? எழுந்து போய்க் கேட்டேவிட்டேன். கயல் என் புடவையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

கூட்டேரிப்பட்டில் சேகர் ஐயா என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு வேகவைத்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, தின்றுகொண்டிருந்தார். நோய் அவனுக்கு, படபடப்பு எனக்கு!

"இருமலே நின்னுபோச்சி. ஆஸ்பத்திரி இன்னாத்துக்கு?" என்று முரண்டு பிடித்தவனை விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றினோம். கயல் ஆரம்பித்தாள்.

"மாமா, அந்த மாத்திரையோட கலரே அதுதான். கிருமி உயிரோட இருக்கணும்னா தன் டி.என்.ஏ.வைப் பாத்து ஆர்.என்.ஏ.ன்னு ஒரு நகல் எழுதிக்கினே இருக்கணும். எழுதற மெஷினு பேரு பாலிமரேஸ்."

"செரி."

"டி.என்.ஏ. எம்மாம் நீளம்! எங்க ஆரம்பிக்கறதுன்னு மெஷினுக்குத் தனியா தெரியாது. சிக்மான்னு ஒரு புரோட்டீன் அதோட ஒட்டிக்கினு வரும். ஒவ்வொரு ஜீனுக்கும் முன்னாடி புரமோட்டர்னு ஓர் அடையாளம் இருக்கு. சிக்மா அதைக் கண்டுபுடிச்சதும் மெஷின் அங்க குந்திக்கும். ரெண்டு இழையையும் பிரிச்சி எழுத ஆரம்பிச்சிடும்."

"மாத்திர?"

"மெஷினுக்குள்ளயே போய்க் குந்திக்கும். ரெண்டு மூணு எழுத்துக்கு மேல எழுத வுடாது."

சேகர் மல்லாட்டை உரிப்பதை நிறுத்தினான். பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவைப் பார்த்ததும் அவன்தான் முதல் கேள்வி கேட்டான்.

"மேடம், இந்தப் பத்து நாள்ல அது எவ்ளோ எழுதியிருக்கும்?"

அவர் ஒரு கணம் விழித்தார். கயல் விஷயத்தைச் சொன்னாள். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எழுதறதோட போனா பரவாயில்லைங்க. விட்டு விட்டுச் சாப்பிட்டா, மெஷின் கொஞ்சம் மாறிப்போன கிருமி பெருகிடலாம். அப்புறம் இந்த மாத்திரை அதுல உட்காராது. சளி குடுங்க, மாறியிருக்கான்னு நாளைக்குத் தெரிஞ்சிடும்."

ரத்தத்தில் காமாலை இல்லை என்று அன்றே தெரிந்துவிட்டது. ஆனால் மாத்திரை இனி உட்காருமா, உட்காராதா? ராத்திரி முழுக்கப் புரண்டேன். விடிந்ததும் ஹாலுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். காபி ஆறியது, கரன்ட் போனது, எதிர்வீட்டுக்காரி என்னவோ கேட்டாள் — எதுவும் மண்டையில் ஏறவில்லை.

எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரியாத கிருமிக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. எதை நிறுத்தக் கூடாது என்பதுதான் நமக்குத் தெரிவதில்லை. உடம்பு கொஞ்சம் தேறினால் போதும், நாமே டாக்டர்!

மதியம் போன் அடித்தது. சேகர்தான். ஆஸ்பத்திரியிலிருந்து பேசினான்.

"யக்கா... மாத்திர இன்னும் குந்துதாம்க்கா!"

அதற்குப் பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.