ரெபேக்காள் பேசிய ஏழு விநாடி

“இந்தக் கேசட் அட்டைல இங்கிலீஸ்ல இன்னா போட்டுக்கீது, படி தங்கச்சி.”

“கேசட் ஆரம்பத்துல பூச்சு இல்லாத துண்டு ஒண்ணு இருக்குமாம், அண்ணே. மொதல் ஏழு விநாடி ஒண்ணும் பதியாதாம்.”

“ஏழா? எம் பொண்டாட்டி பேசனதே அவ்ளோதாம்மா!”

தேவசகாயம் அண்ணன் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “அதான் வெறும் கடல் மட்டும் கேக்குது” என்றார்.

எழுபத்தெட்டாம் வருடம். செங்கல்பட்டில் ஏரிக்குப் போகும் வழியில் அவருடைய மைக்செட் கடை. நான் அங்கே ரசீது எழுதும் வேலையில் இருந்தேன். கல்யாணங்களையும் கோயில் பாட்டுகளையும், பெரிய நாடாச் சுருள் சுற்றும் ஸ்பூல் மெஷினில் பதிவார். மைக்கைப் பிடித்துக்கொள்வது அவர் மனைவி ரெபேக்காள். அண்ணன் விரலை உயர்த்தினால் யாரும் மூச்சுவிடக் கூடாது. பதினைந்து வருடம் ரெபேக்காள் அந்தக் கட்டளையை மீறவில்லை.

அவர் காய்ச்சலில் இறந்த பிறகு அண்ணன் எல்லா ஸ்பூல்களையும் ஓட்டிப் பார்த்தார். வளையல் சத்தம் இருந்தது. குரல் இல்லை. ஒன்றே ஒன்றில்தான் இருந்தது. நாடகக்காரர்களுக்காக மாமல்லபுரத்தில் அலையைப் பதியப்போன காலையில் அண்ணன் விரலை உயர்த்த மறந்துவிட்டார்.

“ஓடுதா? மண்ணு பூந்துடப் போவுது, மூடி வையி.” அப்புறம் கடல்.

கல்யாண வீட்டார் எல்லாரும் கேசட்தான் கேட்டார்கள். ஸ்பூல் மெஷினை எடுத்துக்கொண்டு புது கேசட் மெஷினைத் தருவதாக மெட்ராஸ் கடைக்காரர் சொல்லி, பார்க்க ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சனிக்கிழமை வருவார். அதற்குள் அந்தக் குரலைக் கேசட்டுக்கு மாற்றிவிட வேண்டும்.

ஏழு விநாடி வெறுமனே ஓடவிட்டு மறுபடி பதிந்தோம். இந்த முறை ரெபேக்காள் பேசினார். ஆனால் குரலின் மேல் தூறல் விழுவதுபோல ஒரு இரைச்சல். அண்ணன் கண்களை மூடிக்கொண்டு கேசட்டைக் கேட்டார். ஸ்பூலைக் கேட்டார். மறுபடியும் கேசட்டை. வெளியே ஏரியின் மேல் வெயில் அசைந்துகொண்டிருந்தது.

“இதுல அவ தூரமா கீறா. அதுல பக்கத்துல கீறா” என்றார்.

சனிக்கிழமை வந்தவரிடம் கேசட் மெஷினைத் திருப்பிக் கொடுத்தார். “பொழைக்கத் தெரியாத ஆளுய்யா நீ” என்று சொல்லிவிட்டு அவர் போனார். அந்த ஆவணியில் பாதிக் கல்யாணங்கள் வேறு கடைக்குப் போயின.

அந்தச் சனிக்கிழமை மாலையே அண்ணன் புது ஸ்பூல் ஒன்றை மாட்டினார். நான் பழக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அவர் விரலை உயர்த்தவில்லை. மைக்கை என் பக்கம் நீட்டினார்.

“நீ எதனா பேசு தங்கச்சி. இன்னா வோணா பேசு. சும்மா மட்டும் நிக்காத.”