இன்னும் பக்குவம் வரவில்லையாம்

பதினெட்டு வயதோடு பள்ளிக்கூடத்தின் சிறப்பு வகுப்பு என் மகளைக் கைகழுவிவிட்டது. அத்தனை வருடமும் அங்கே அவளை வண்ணம் தீட்ட வைத்தார்கள். தக்காளி நறுக்கத் தெரிந்த பெண்ணிடம் தக்காளிப் படத்தை நீட்டிய புத்திசாலிகள். இனி என்ன செய்வது என்று கேட்டதற்கு, வீட்டிலேயே வைத்துப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ரந்தாவ் ஊருக்கு வெளியே, செம்பனை மரங்களுக்கு நடுவில் இருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டில் அவள் எதைப் பார்த்துக்கொண்டு உட்காருவாள்?

அவளுக்குச் சமையல் படிக்க வேண்டும். "ஓட்டல் கிச்சன்" என்று தினமும் சொல்வாள். சிரம்பானில் ஆட்டிசம் உள்ள இளையோருக்குத் தொழில் கற்றுத்தரும் நிலையம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு அழைத்துப் போனேன். ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். மாவு பிசைந்தாள், உள்ளே கிழங்குக் கறி வைத்துக் கறிபாப் மடித்தாள். ஓரம் பிரியவே பிரியாது. அந்த மாதம் முழுக்க நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மாதக் கடைசியில், டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் வந்தார். டத்தோ வந்தால் நம் ஆட்களுக்குத் தலைகால் புரியாதே. பன்னீர், பொன்னாடை, வாசலிலிருந்து மேடைவரை கொம்பாங் மேளம். அடி அடியென்று அடித்தார்கள். போதாததற்கு, பலத்த கரவொலி கொடுங்கள் என்று மைக்கில் ஒருத்தர் உயிரை வாங்கினார். சத்தம் தாங்காத பிள்ளைகளுக்கென்றே நடத்துகிற இடம் அது, கேட்டுக்கொள்ளுங்கள்! சிலர் அழுதார்கள். என் மகள் அழவில்லை. காதைப் பொத்திக்கொண்டு எழுந்து, டத்தோவைக் கடந்து அடுப்படிக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு மாவு பிசைந்தாள். அந்தக் கூட்டத்தில் புத்தியோடு நடந்துகொண்டவள் அவள் ஒருத்திதான்.

மறுவாரம் நிலையத் தலைவி என்னை மட்டும் கூப்பிட்டார். கைவேலை நன்றாக இருக்கிறதாம், மரியாதைதான் பத்தாதாம்.

"வி.ஐ.பி. முன்னாடி இப்படிப் பண்ணுனா எப்படிலா? பாப்பாவுக்கு இன்னும் பக்குவம் வரலக்கா. அடுத்த வருசம் பாக்கலாம்."

கல்யாண வயதுப் பெண் இவர்களுக்குப் பாப்பா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன்.

அதன் பிறகும் அவள் காலையில் சப்பாத்து மாட்டிக்கொண்டு கதவருகே நின்றாள். வகுப்பு இல்லை என்று எத்தனை நாள்தான் சொல்வது?

சில வாரம் கழித்து இருவரும் சிரம்பான் மருத்துவமனைக்குப் போனபோது, அந்த நிலையத்தின் வேலியில் பெரிய பதாகை ஒன்று தொங்கியது. புதிய மாணவர் சேர்க்கை என்று கொட்டை எழுத்து. அதன் கீழே, மாவும் கையுமாக என் மகள்.

"அம்மா, நான் இங்க படிக்கிறேன்," என்றாள். அவளுக்குப் படம் பொய் சொல்லாது.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு நேரே உள்ளே போனேன். "டீச்சர், ஒண்ணு எம்மவள உள்ள சேத்துக்குங்க. இல்லன்னா வெளிய தொங்கறவள எறக்குங்க," என்றேன்.

கமிட்டியில் பேசிச் சொல்கிறேன் என்றார் தலைவி. எதையும் இழுத்தடிக்கிற கமிட்டி, அன்றைக்கு மட்டும் அசுர வேகம். நாங்கள் பஸ் நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்வதற்குள், இரண்டு பேர் ஏணி போட்டு என் மகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.