மூன்று பேருக்குப் போட்ட ரூம்

கடலோர விடுதிக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் போகக் கூடாத நாளை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். திருப்பூர்க்காரர்களுக்கு அது தீபாவளி வாரம். பனியன் கம்பெனிகள் எல்லாம் ஒன்றாகப் பூட்டுகிற வாரம் அது. தெற்கிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் பஸ் பிடித்துச் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். உள்ளூர்க்காரர்களான நாங்கள் காரை எடுத்துக்கொண்டு, பாலக்காடு தாண்டி, கடலைப் பார்க்கப் போவோம். எனக்கு நான்கு மெஷினோடு துணிக்குப் பட்டன் துளை போட்டுப் பட்டன் தைத்துக் கொடுக்கிற ஒரு சின்ன காஜா பட்டன் யூனிட் இருக்கிறது. அங்கே மெஷின் ஓட்டுகிற சாத்தூர்க்காரர் ஒருமுறை சொன்னார்: "லீவுன்னா நாங்க ஊருக்குப் போறோம் அண்ணாச்சி. நீங்க ஊர விட்டு ஓடுதீங்க."

அந்த வருஷம் நாங்கள் ஓடத்தான் செய்தோம்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, சாமளாபுரத்தில் விசைத்தறி வைத்திருக்கிறவருக்குக் கட்டிக்கொடுத்திருந்த மகள் பஸ் ஏறி வந்துவிட்டாள். கையில் ஒரு சாப்பாட்டுப் பை மட்டும் இருந்தது. இடது கையில் இரண்டு விரல் வீங்கியிருந்தது. கதவில் மாட்டிக்கொண்டதாக அம்மாவிடம் சொன்னாள், அதற்கு மேல் பேசவில்லை. மாப்பிள்ளை போன் செய்தார். அவள் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. வீதியில் ஒவ்வொருவராக, "பொண்ணு வந்துருக்குதாட்ட இருக்குது, மாப்ள எப்ப வர்றாரு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

"தெரிஞ்ச மூஞ்சியே இல்லாத பக்கம் நாலு நாள் போலாமுங்க. புள்ள வாயத் தொறக்கட்டும்" என்றாள் மனைவி. அதற்காகத்தான் ரூம் போட்டேன், மூன்று பேருக்கு.

ரூம் போடும்போது கேட்டுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. கடல் தெரியும் ரூம் என்று சொல்வார்கள். பால்கனி ஓரத்தில் நின்று கழுத்தை வளைத்தால் தெரிகிற கடலும் அவர்களுக்குக் கடல்தான். கட்டிலில் உட்கார்ந்தபடியே தெரியுமா என்று கேளுங்கள். ஜெனரேட்டர் எந்தப் பக்கம் என்றும் கேளுங்கள். மதியம் இரண்டு மணிக்கு முன்னால் சாவி தரமாட்டார்கள். விடிகாலையில் புறப்படுவது நம் பழக்கமாகையால் நாங்கள் பத்தரைக்கே போய்ச் சேர்ந்து, வரவேற்பறை சோபாவில் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கொண்டுபோன புளிச்சோற்றை அங்கே பிரிக்கக் கூடாது என்றார்கள். காருக்குள் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

நீச்சல் குளத்துக்கு நைலான் துணி வேண்டும். எக்ஸ்போர்ட் மிச்சத்தில் எடுத்த நல்ல பருத்தி டீ ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு நான் தண்ணீர் ஓரத்தில் போய் நின்றேன். அங்கிருந்த காவலாளி, "பனியன் பற்றில்ல சாரே" என்று, அதோடு இறங்கக் கூடாதெனத் திருப்பி அனுப்பினார்.

"நமக்குச் சோறு போடற துணிக்கு இங்க எடமில்லையாமா" என்றாள் மனைவி.

மகள் சிரித்தாள். மூன்று வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

சாயங்காலம் ஈரமணலில் நானும் அவளும் நடந்தோம். மனைவிக்கு முட்டி வலி, அவள் நாற்காலியிலேயே இருந்துவிட்டாள். ரொம்ப தூரம் போன பிறகு மகளே பேச்சை எடுத்தாள்.

"தறி ஓடறப்ப உள்ள யாரு கத்துனாலும் வெளிய கேக்காதுங்கப்பா. அவருக்கு அது தெரியும். மோட்டாரப் போட்டுட்டுத்தான் கிட்ட வருவாரு."

"வெரலு?"

"கதவுதானுங்கப்பா. சாத்துனது அவரு."

நான் நடந்துகொண்டே இருந்தேன். அவள் நின்றுவிட்டாள்.

"இனி அந்த ஊட்டுக்கு நான் போகமாட்டேனுங்க. ஆரு கேட்டாலும் நீங்க அதச் சொல்லணும். எனக்காக நீங்க சொல்லணும்."

"சொல்றேன் கண்ணு."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அன்றைக்கு அவள் நன்றாகத் தூங்கியதாக மனைவி சொன்னாள்.

காலைச் சாப்பாடு ரூம் வாடகையிலேயே சேர்த்தி. எட்டு மணிக்கு முன்னால் போய்விடுவது நல்லது, அப்புறம் கூட்டம் தாங்காது. நாங்கள் எட்டரைக்குப் போனோம். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றால், முன்னால் நிற்பது எங்கள் வீதியில் அயர்னிங் யூனிட் வைத்திருக்கிறவரின் வீட்டம்மா. மாப்பிள்ளைக்குப் பெரியம்மா மகள், அக்கா முறை. அவருக்கும் முன்னால் இன்னும் இரண்டு திருப்பூர்க் குடும்பங்கள் நின்றன.

"ஏனுங்க மாமா, நீங்களும் இங்கதானா? நம்ம வீதிய அப்படியே பேத்துக் கொண்டாந்து வெச்சாப்பல இருக்குது" என்று சிரித்தார் அந்தம்மா. என் மகளின் தோளைத் தொட்டுப் பார்த்தார். "எளைச்சுப் போயிட்ட கண்ணு. எங்க, எந்தம்பியக் காணோம்?"

வரிசை முழுதும் திரும்பிப் பார்த்தது. மகளும் பார்த்தாள்.

"மாப்ளைக்குத் தறியில கொஞ்சம் வேலைங்க. நாளைக்கு வந்துருவாரு" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. தும்மல் வருகிற மாதிரி வந்துவிட்டது. யூனிட்டுக்கு வருகிறவர்களிடம் நாளைக்குப் பீஸ் முடிந்துவிடும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய வாய் இது. அதே குரலில்தான் சொன்னேன்.

"தீபாவளிக்கு எவனுங்க மாமா தறி ஓட்டறான்? படுத்துத் தூங்கறான் சோம்பேறி. இருங்க, நான் கேக்கறேன்" என்று அந்தம்மா போனை எடுத்தார். அவர் மனதில் கெட்ட எண்ணம் இல்லை. இன்றைக்கும் அவரை நான் குறை சொல்லவில்லை. ஸ்பீக்கரில் போட்டு, "ஏன்டா தம்பி, பொண்டாட்டியக் கடலோரத்துல உட்டுப்போட்டு நீ அங்க என்னடா பண்ற?" என்று ஊரின் பெயரையும் விடுதியின் பெயரையும் சொன்னார். "அங்கயா இருக்கறாங்க?" என்றது மாப்பிள்ளையின் குரல்.

"இந்தா, நீயே பேசு" என்று போன் மகளின் கைக்குப் போனது.

அவள் போனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அவசரப்படுத்துகிற பார்வை இல்லை. ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். நான் தட்டில் இருந்த இட்லியைப் பார்த்தேன்.

"அப்பா சொல்லிட்டாருங்க. வாங்க" என்றாள் போனில்.

ரூமுக்குள் வந்ததும் மனைவி கேட்டாள். "ஒரே வார்த்தை, அவ இனி அங்க போகமாட்டான்னு சொல்லியிருந்தா என்னங்க ஆயிருக்கும்?"

"அத்தனை பேரு முன்னால எப்படிச் சொல்றது?" என்றேன். பிறகு மகளிடம், "இப்பவே போன் பண்ணி வர வேண்டாமுன்னு சொல்லிப்போடறேன் கண்ணு" என்றேன்.

"நாலு பேரு முன்னால சொல்லாததக் கதவச் சாத்திட்டுச் சொல்றீங்களாப்பா?" அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். "இன்னிக்கு வேண்டாமுன்னா நாளான்னிக்கு நம்மூட்டு வாசல்ல வந்து நிப்பாரு. வீதியே வேடிக்கை பாக்கும். அப்ப என்ன சொல்லுவீங்க?"

கையில் எடுத்திருந்த போனை நான் மேசையில் வைத்தேன். அவள் துணிகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள்.

வெளியாள் யாராவது பார்க்க வந்தால், கேட்டிலிருந்து ரூமுக்குப் போன் போட்டுக் கேட்பார்கள். ஆதார் அட்டையும் பார்ப்பார்கள். இது நல்ல ஏற்பாடு, குடும்பத்தோடு தங்குகிறவர்களுக்குப் பாதுகாப்பு. மறுநாள் பதினோரு மணிக்கு அந்தப் போன் அடித்தது. ஒருவர் வந்திருக்கிறார், உள்ளே விடலாமா என்று கேட்டார்கள். மகள் குளியலறையில் இருந்தாள். மனைவி என் கையைப் பிடித்தாள், இறுக்கிப் பிடித்தாள்.

"ஆமாங்க, நம்ம மாப்ளதான்" என்றேன்.

அவர் இனிப்பு டப்பாவோடு வந்தார். "என்னங்க மாமா, சொல்லாமக் கொள்ளாம வந்துட்டீங்க" என்று சிரித்தார். அயர்னிங் யூனிட்காரம்மா வந்து தம்பியின் முதுகில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். மதியச் சாப்பாட்டை எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். மாப்பிள்ளை என் மகளுக்கு மீனில் முள் எடுத்துக் கொடுத்தார். பார்த்தவர்களுக்கு நல்ல குடும்பமாகத்தான் தெரிந்திருக்கும்.

இரண்டு மணிக்கு மகளும் மாப்பிள்ளையும் கிளம்பினார்கள். அவர் காரைத் திருப்பிக் கொண்டுவரப் போனார். கார் நிறுத்துமிடத்தில் நிழலே இல்லை, சிமென்ட் தரை கொதித்தது. நானும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். கார் வந்து சேர ஒரு நிமிஷமாவது ஆகியிருக்கும். ஒரு நிமிஷத்தில் நிறையச் சொல்லலாம்.

"ஏதாவதுன்னா போன் பண்ணு கண்ணு" என்றேன்.

அவள் பையைக் கை மாற்றிக்கொண்டாள்.

"நீங்க உள்ள போங்கப்பா. வெயிலு" என்றாள்.

நான் போனேன்.