மழையில் நனைந்த அளவுக்குச்சி

சவரியண்ணன் போய்விட்டார் என்று அவர் மகள் ரீத்தா போனில் சொன்னபோது நான் மாவுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். "அப்பா தூக்கத்துலயே போயிட்டாருங்க அத்தை" என்றாள். போனை வைத்துவிட்டு வந்து அதே மாவுக்கு மறுபடியும் உப்புப் போட்டிருக்கிறேன். அன்றைக்கு இட்லியை யாராலும் வாயில் வைக்க முடியவில்லை.

அடக்கத்துக்கு ஏரியூர் போயிருந்தேன். கல்லறைத் தோட்டத்தில் ஒரு பெரியவர், நல்ல மனதோடுதான், "தங்கமான மனுசன். அந்த ஒரு வாட்டி மீட்டரை நம்பி மோசம் போயிட்டாரு, பாவம்" என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு வந்ததே கோபம்! அவர்கள் மேல் இல்லை, என் மேல். ஐம்பது வருஷத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான். அவரைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இப்போது சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் நாகமரையில் நர்ஸாக இருந்தேன். தர்மபுரியில் மளிகைக் கடை வைத்திருந்த என் அத்தா, வேலைக்குப் போகிற பெண்ணை ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்தவர். "ஏதாவது ஒரு பேச்சு வந்துச்சுன்னா அன்னிக்கே பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்துடணும் சல்மா" என்று நிபந்தனை போட்டுத்தான் அனுப்பினார். நாகமரையில் தரை முடிந்து மேட்டூர் அணையின் தண்ணீர் தொடங்கும். பெரிய ஆஸ்பத்திரி அக்கரைப் பக்கம். நடுவில் இருந்தது சவரிமுத்து அண்ணன் ஓட்டிய படகு.

அது பழைய பாய்மரப் படகு. படகுத்துறையைக் குத்தகைக்கு எடுத்தவர் அதில் கிணற்றுக்கு வைக்கிற ஆயில் இன்ஜின் ஒன்றைப் பொருத்தியிருந்தார். டீசல் தொட்டியின் மேல் வட்டமாக ஒரு மீட்டர். முள் எப்போதும் பாதியில் நிற்கும். தொட்டி நிரம்பினாலும் பாதி, வற்றினாலும் பாதி. இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் டிரம்மில் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அதில் பாசி பிடித்து, டிரம் காலியாக இருந்தாலும் நிறைந்த மாதிரி பச்சையாகத் தெரியும். "ஏண்ணா, இதையெல்லாம் கழட்டிப் போட்டா என்ன?" என்று கேட்டேன். "இருக்கட்டும் சிஸ்டர். அதுங்க பேச்சை நிறுத்திக்கிச்சு. நாமதான் சும்மா சும்மா மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கறோம்" என்றார்.

அவர் நம்பியது ஒரு மூங்கில் குச்சியை. விரற்கடைக்கு ஒன்றாக, அதாவது ஒரு விரல் அகலத்துக்கு ஒரு கீறல் போட்டிருப்பார். பழைய பனியன் துணியால் குச்சியை நன்றாகத் துடைத்து, யாராவது ஒரு பயணியிடம் கொடுப்பார். வாங்கினவர் தொட்டிக்குள் விட்டு எடுத்து, "ஏழு விரக்கடை!" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் இன்ஜின். சவரியண்ணன் தானே பார்க்க மாட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "போவணும்னு நெனைக்கிற கண்ணுக்கு டீசல் இருக்கற மாதிரியேதான் தெரியுமுங்க" என்றார். நாலு விரற்கடைக்குக் குறைந்தால் ஏரியூரிலிருந்து சைக்கிளில் கேன் வரும் வரை படகு அசையாது. கலெக்டரே வந்து நின்றாலும் அசையாது.

அந்தத் தண்ணீரை நான் இன்னும் கனவில் பார்க்கிறேன். காலைப் பனியில் கரையும் தெரியாது, வானமும் தெரியாது. பாலுக்குள் போகிற மாதிரி போவோம். அணை கட்டியபோது முழுகிப்போன கோயில் நந்தியும் மாதா கோயில் கோபுரமும் கோடையில் தலை நீட்டும், மழைக்காலத்தில் மறைந்துவிடும். அந்த மாதா கோயிலில்தான் சவரியண்ணனின் தாத்தாவுக்குக் கல்யாணம் நடந்ததாம். கோபுரம் கண்ணுக்குத் தெரியாத நாட்களிலும் அதன் மேலாகப் படகு போகும் இடம் அவருக்குத் தெரியும். சரியாக அங்கே தலைத்துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். ஆட்டுக்குட்டியும் கையுமாக வருகிறவர்கள்கூட அங்கே பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள்.

அந்த ஐப்பசி மதியத்துக்கு வருகிறேன். லட்சுமி என்ற பெண்ணுக்கு முதல் பிரசவம். வலி எடுத்து ஒரு நாள் ஆகியும் குழந்தை இறங்கவில்லை. கட்டிலோடு தூக்கி வந்து படகில் வைத்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. சவரியண்ணன் குச்சியைத் துடைத்து என்னிடம் நீட்டிவிட்டு, கட்டிலை இறுக்கிக் கட்டக் குனிந்தார். நான் குச்சியை மழையில் பிடித்தபடி லட்சுமியின் நாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எத்தனை விரக்கடைங்க சிஸ்டர்? சத்தமாச் சொல்லுங்க!" அவசர அவசரமாகத் தொட்டிக்குள் விட்டு எடுத்தேன். பாதிக் குச்சிக்கு மேல் ஈரம். "எட்டுண்ணா! எடுங்க, எடுங்க!" என்று கத்தினேன். துடைத்துவிட்டு இன்னொரு தரம் விட்டுப் பார்த்திருக்கலாம். கேன் வரக் காத்திருக்க வேண்டிவருமோ என்ற பயத்தில் நான் பார்க்கவில்லை.

நடுத்தண்ணீரில் இன்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

அப்படியொரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தண்ணீரில் தூறல் விழுகிற சத்தம் மட்டும். சவரியண்ணன் குச்சியை எடுத்தார். மூக்கருகே கொண்டுபோய் நுனியிலிருந்து மேல்வரை மோந்து பார்த்தார். ஒருதரம் என்னைப் பார்த்தார். பனியன் துணியால் குச்சியைச் சுத்தமாகத் துடைத்து ஓரமாக வைத்தார். பிறகு எழுந்து பழைய பாய்மரத்தில் தார்ப்பாயைக் கட்டினார். வாடைக்காற்று அதை மெல்ல உப்பியது. படகு தூக்கத்தில் நடக்கிறவனைப் போல அக்கரையைப் பார்த்து நகர்ந்தது.

எவ்வளவு நேரம் போனோம் என்று எனக்குத் தெரியாது. அவர் தலைத்துண்டை எடுத்து மடியில் வைத்ததைக் கண்டேன். கோபுரத்துக்கு மேலே இருக்கிறோம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் குழந்தை என் கையில் விழுந்தது. நீலம் பாரித்துக் கிடந்த அதன் வாயைத் துடைத்து, முதுகைத் தட்டித் தட்டி, கடைசியில் அது அழுதபோது நானும் அழுதேன். லட்சுமிக்கு ரத்தம் நிற்கவில்லை. கரை சேரும்வரை அவள் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு லாரிக்காரர் புண்ணியத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுநாள் துறையில் குத்தகைக்காரர் ஊரைக் கூட்டிவிட்டார். "டீசலை அளந்தது யாருய்யா?"

"நாந்தாங்க. மீட்டர்ல பாதி காட்டுச்சு. நம்பிட்டேன்" என்றார் சவரியண்ணன்.

அவர் அந்த மீட்டரை ஏறெடுத்தும் பார்க்காதவர் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவரே சொல்லும்போது யார் என்ன பேசுவது? நானும் பேசவில்லை. என் அத்தாவின் முகம்தான் கண்ணில் நின்றது. அன்றோடு படகு வேறு ஆளுக்குப் போயிற்று. சவரியண்ணன் ஏரியூரில் பம்புசெட் பழுது பார்க்க உட்கார்ந்தார். அதற்கப்புறம் அவர் தண்ணீர்மேல் போகவே இல்லை.

தை மாதம் மனது கேட்காமல் அவர் வீட்டுக்குப் போனேன். "உண்மையைச் சொல்லிடறேண்ணா" என்றேன். ஸ்பானரைக் கீழே வைக்காமலேயே பேசினார். "சொல்லி? உங்களைப் பெட்டியைக் கட்டச் சொல்வாங்க. நான் இல்லாட்டி படகு ஓட்ட பத்துப் பேரு வருவான். நீங்க போயிட்டா இந்தக் கரைக்கு எந்த நர்ஸு வரும்? நான் இருக்கற வரைக்கும் மூச்சு விடப்படாது." புறப்படும்போது அந்தக் குச்சியைக் கையில் கொடுத்தார். "எனக்கு இனி எதுக்குங்க?"

அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷம் அந்த வட்டாரத்திலேயே வேலை பார்த்தேன். எத்தனையோ பிரசவம். எல்லோரும் என் கைராசி என்றார்கள். வெட்கமாக இருக்கும், சிரித்துக்கொண்டு நிற்பேன். மருந்து அளக்கும்போது மட்டும் ஒருமுறை பார்த்ததை நம்ப மாட்டேன். துடைத்துவிட்டு மறுபடியும் பார்ப்பேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பழக்கமும் இந்தக் குச்சியும்தான். இதை எழுதும்போதும் குச்சி மேஜைமேல் கிடக்கிறது, கீறல்கள் தேய்ந்து. எத்தனை விரற்கடை என்று அவர் கேட்ட கேள்விக்கு இன்றைக்குத்தான் சரியான பதில் சொல்கிறேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

ஒண்ணுகூட இல்லைண்ணா. ஈரமெல்லாம் மழை ஈரம்.