விரல் வேண்டாம் என்ற குரு

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கப்பலூர்ப் பட்டறையில் இரும்பு தேய்த்தேன், லாரியில் கிளீனராகப் போனேன், பிறகு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஊர்ப்பேர் கூவி ஆள் ஏற்றினேன். அந்தக் குரலைக் கேட்டுத்தான் கல்லூரி வாத்தியார் ஒருவர் என்னை நவீன நாடகத்துக்குக் கூப்பிட்டார். பழங்காநத்தத்தில், மூடிக் கிடந்த மாவு மில்லில் ஒத்திகை. டீயும் பன்னும் உண்டு. அதற்காகவே போனேன்.

வேடனிடம் கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்ட குருவின் கதை. வாத்தியார் அதில் ஒரு மாற்றம் செய்தார். குரு வேஷம் எனக்கு. வேடன் வேஷம் அவருடைய மாணவன் ஒருவனுக்கு. அவன் எங்கள் ஊர்ப் பண்ணையாரின் மகன். "மேல இருக்கிறவன் விழட்டும், கீழ இருக்கிறவன் கேக்கட்டும். சனங்க யோசிப்பாங்க" என்றார். குரு 'எழு' என்று சொன்ன பிறகுதான் வேடன் எழ வேண்டும் என்பதும் அவர் வைத்த விதிதான்.

சனங்கள் யோசிப்பது பற்றி எனக்குக் கவலை இல்லை. எங்கள் ஆடு சோளத்தில் வாய் வைத்ததற்காக, நடுத்தெருவில் என் அய்யாவைக் காலில் விழ வைத்தவர் அந்தப் பண்ணையார். அவர் சொல்லாமல் எழக்கூடாது. சொல்ல அவருக்கு அவசரம் இல்லை, வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். மகன் சைக்கிளில் உட்கார்ந்தபடி சிரித்தான். அவன் என் காலில் விழுவதை எங்கள் ஊர் பார்க்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

ஊர் பார்த்தது. பள்ளிக்கூட மைதானத்தில் விழுந்தான், விரலைக் கேட்டேன், வெட்டிக் கொடுத்தான். கையில் சிவப்புச் சாயத்துணியைச் சுற்றிக்கொண்டு அவன் அழ, பொம்பளைகள் மூக்கைச் சிந்தினார்கள். எங்கள் தெரு ஆட்களே என்மேல் மண்ணை வாரி இறைத்தார்கள். வேஷம் கலைக்கும் இடத்துக்கே அம்மா வந்துவிட்டாள்.

"மனுசனாடா நீ? அந்தப் பிள்ளை வெரலப் போயி கேக்குற?"

"நாடகந்தாம்மா."

"என்ன எழவு நாடகமோ. எம்புட்டு அழுதுச்சு, பாவம்!"

அய்யா பாதியிலேயே எழுந்து போயிருந்தார்.

அய்யா விழுந்து கிடந்தபோது அவருக்காக ஒரு சனமும் அழவில்லை. இப்போது அந்த அழுகையையும் பண்ணை வீடே வாங்கிக்கொண்டது.

மறுநாள் செக்கானூரணிப் பக்கம் ஒரு சந்தைத் திடலில் நாடகம். மகன் வாங்கிய பேரைப் பார்க்கப் பண்ணையார் வேன் பிடித்துச் சொந்தபந்தங்களோடு வந்து முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அவன் விழுந்தான். "என்ன காணிக்கை வேண்டும் குருவே?"

நான் சணல் தாடியை நீவிக்கொண்டு சும்மா நின்றேன்.

"கேளுடா" என்றான் பல்லைக் கடித்து, எனக்கு மட்டும் கேட்கும்படி. நின்றேன். "வெரலக் கேளுடா நாயே."

"உன்னிடம் எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்றேன், பஸ் ஸ்டாண்டுக் குரலில்.

அட்டைக் கத்தியோடு தலையை மட்டும் தூக்கினான். "விரலை... என் விரலைத் தருகிறேன் குருவே."

"வேண்டாம். நீயே வச்சுக்க."

பின்னாலிருந்து முதல் சிரிப்பு வந்தது. "அதான் வேணாங்கிறாருல்ல, எந்திரிப்பா!" என்றான் ஒருவன். "அது சொத்தை வெரலா இருக்கும் மாப்ள, வேற காட்டச் சொல்லு!" என்றான் இன்னொருவன். திடல் முழுக்கச் சிரித்தது. அவன் விதியை மீறவும் முடியாமல் கத்தியை வைத்துக்கொண்டு மண்ணில் கிடந்தான். 'எழு' என்ற சொல் என் நாக்கில்தான் இருந்தது. எனக்கும் அவசரம் இல்லை.

கடைசியில் முன்வரிசையில் பண்ணையார் எழுந்து நின்று, "எந்திரிடா!" என்று மகனைப் பார்த்துக் கத்தினார்.

வாத்தியார் அங்கேயே என் தாடியைப் பிடுங்கினார். "நாடகத்தையே கொன்னுட்டியேடா! அவன் குடுக்கிறதுலதான் கதையே இருக்கு."

"அதனாலதான் சார் வாங்கல."

இனி ஒத்திகைக்கு வராதே என்றார். பன்னும் போயிற்று.

வீட்டுக்குப் போனபோது அய்யா மம்பட்டிக்குப் பிடி மாட்டிக்கொண்டிருந்தார். சேதி எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. தலையைத் தூக்காமல் கேட்டார்.

"எம்புட்டு நேரம் கெடந்தான்?"

"நீங்க கெடந்ததவிடக் கூடத்தான்யா."

"ஆரு எந்திரிக்கச் சொன்னது?"

"அவுக அப்பாவே."

அய்யா மம்பட்டியைக் கீழே போட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.