ஞாயிற்றுக்கிழமைச் சட்டம்

“மல்லாட்டை புடுங்க வந்தவனையும் ஜெபத்துக்கு வந்தவனையும் ரொம்ப நேரம் நிக்க வைக்காதீங்க மாப்ள” என்று என் மாமனார் சொல்வார். கீழ்பென்னாத்தூரில் அவருக்கு நிலக்கடலைக் கொல்லை உண்டு, அனுபவம் பேசுகிறது. அதற்குப் பிறகு இன்னொரு வரி வரும். நிற்க வைத்தால் பக்கத்துக் கொல்லைக்குப் போய்விடுவான் என்பதா, வெயில் மேல் பழி போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவான் என்பதா, சரியாக ஞாபகம் இல்லை. ஞாபகம் இருக்கிற பாதியை வைத்துக்கொண்டே நாலு வருஷமாகத் திருவண்ணாமலையில் வாலிபர் ஊழியம் செய்கிறேன்.

வேலை இதுதான்: சபை இளைஞர்களைச் சனிக்கிழமை சாயங்காலம் கூட்டி, வாலிபால் ஆட விட்டு, வியர்வை காய்வதற்குள் வேதத்திலிருந்து நாலு வார்த்தை சொல்ல வேண்டும். இருபது வருஷம் மஸ்கட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, நாற்பத்து நாலு வயதில் ஊர் திரும்பியவன் நான். ஐந்தாவது வரை தமிழ், அதற்கு மேல் இங்கிலீஷ் என்று படித்ததால் இன்றைக்கும் ஜெபம் தமிழில்தான் வரும், பாயின்ட் இங்கிலீஷில்தான் வரும். பிரசங்கத்துக்கும் விசிலுக்கும் ஒரே வாயை வைத்துக்கொண்டு அவதிப்படுகிற சக ஊழியர்களே, உங்களுக்குப் புரியும்.

எந்த டிபார்ட்மென்ட்?

மைதானத்தில் போட்டி நடத்த அனுமதி கேட்டு வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். படிவத்தில் ‘தொழில்’ என்ற இடத்தில் ‘வாலிபர் ஊழியர்’ என்று கம்பீரமாக எழுதிக் கொடுத்தேன். சபைக்குள் அந்த வார்த்தைக்குத் தனி மரியாதை. வெளியே வந்தால் ஊழியர் என்பவர் மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவர்.

மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். “சத்துணவு ஊழியர் தெரியும், மின்வாரிய ஊழியர் தெரியும். இது எந்த டிபார்ட்மென்ட் சார்?” ஆண்டவருடைய வேலைம்மா என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் நிஜமான இரக்கம். முத்திரையைக் குத்திக்கொண்டே சொன்னார்: “அப்போ பென்ஷன் கிடையாதுன்னு சொல்லுங்க.”

நிலாவைப் பார்க்காதவன்

அனுமதி கிடைத்த வேகத்தில் கீழ்பென்னாத்தூர் அணியை ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லிவிட்டேன். இந்த ஊரில் எதற்கு நாள் குறித்தாலும் முதலில் நிலாவைப் பார்க்க வேண்டும். எனக்கு மஸ்கட் புத்தி. சனிக்கிழமையா என்று மட்டும் பார்த்தேன். அன்றைக்குப் பௌர்ணமி, கிரிவலக் கூட்டம். பஸ்ஸைத் திண்டிவனம் ரோட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

மதியம் ஒன்றரைக்கு வந்து சேர்ந்தார்கள். நெற்றி நிறைய விபூதி, கையில் செருப்பு. வந்ததுதான் வந்தோம், விட்டால் எப்போது வாய்க்கும் என்று கூட்டத்தோடு நடந்து மலையையே சுற்றி முடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். வலையைக் கட்டிவிட்டு நாலு மணி நேரமாக நின்றுகொண்டிருந்த எங்களைப் பார்த்து அவர்கள் கேப்டன் சொன்னான்: “பதினாலு கிலோமீட்டர் வார்ம்-அப் ஆயிடுச்சு சார். சோறு போடுங்க, மேட்ச் நீங்க ஜெயிச்சதாவே எழுதிக்குங்க.”

கெட்டகுமாரனும் பஜ்ஜியும்

எங்கள் அணியில், அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவன் அப்பாண்டைராஜ். பழைய சமணக் குடும்பத்துப் பிள்ளை, வங்கியில் வேலை. சபைக்கு வருகிறவன் இல்லை, வாலிபாலுக்கு வருகிறவன். இருந்தாலும் ஆட்டம் முடிந்ததும் மற்றவர்களோடு உட்கார்ந்து என் பேச்சையும் கேட்டுவிட்டுத்தான் போவான். சமண வழக்கப்படி, பொழுது சாய்ந்துவிட்டால் அவன் வாயில் எதுவும் வைக்க மாட்டான். அது எனக்கும் தெரியும்.

அன்றைக்குக் கெட்டகுமாரன் கதை. எனக்கே என் பேச்சு பிடித்துப்போன நாள் அது. வீட்டைவிட்டு ஓடிய அந்த மகனை ஊர் திரும்ப வைக்க எனக்கு நாற்பது நிமிஷம் ஆனது. ஆமென் சொல்லித் தலை நிமிர்ந்தால் சூரியன் மலைக்குப் பின்னால் போயிருந்தது. வாழைக்காய் பஜ்ஜித் தட்டு அப்போதுதான் வந்தது. அப்பாண்டைராஜ் அதை வாங்கி, முகர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்தவனிடம் தள்ளினான். “அண்ணா, அந்தப் பையன் வீட்டுக்கு வந்ததும் விருந்து போட்டாங்கன்னீங்க. அவன் கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கக் கூடாதா?”

உட்கார வைத்தது

என்னிடம் ஒரு சட்டம் இருந்தது. ஞாயிறு ஒன்பது மணி ஆராதனைக்கு வராத சபைப் பிள்ளை, அடுத்த போட்டியில் ஆடக் கூடாது. போதகர் போடச் சொன்னதில்லை, நானே போட்டது. சட்டம் வந்த பிறகு ஆராதனையில் கூட்டம் ஜாஸ்தி ஆனது. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஜாஸ்தி ஆனது.

சாமுவேல் அடித்தால் எதிரணியில் ரெண்டு பேர் விலகி நிற்பார்கள். ஒரு ஞாயிறு அவன் வரவில்லை. தங்கையைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள் என்றான். சட்டம் சட்டம்தான் என்று சொல்லி, இறுதிப் போட்டியில் அவனைப் பெஞ்சில் உட்கார வைத்தேன். மூணாவது செட்டில் தோற்றோம். அவ்வளவு நேரமும் அவன் துண்டும் தண்ணீரும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். வலையைச் சுருட்டும்போது, கோபமே இல்லாமல் சொன்னான்: “அப்பா இல்லாத வீடுண்ணா. வந்தவங்கள வாசல்ல நின்னு யாரு ‘வாங்க’ன்னு கூப்பிடறது?”

எங்கள் வீட்டு ஞாயிறு

போன வாரம் அதே சட்டம் என் வீட்டுக்குள் வந்தது. சபையின் பெண்கள் அணியில் ஆடுகிற என் மகள் ஷாரோனுக்கு மாவட்ட வாலிபால் அணித் தேர்வு, ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு. அவளுடைய வயதுப் பிரிவில் இதுதான் கடைசி வாய்ப்பு. அதே ஒன்பது மணிக்குச் சபையில் வாலிபர் ஞாயிறு, பிரசங்கம் என்னுடையது. சாப்பிட உட்கார்ந்தபோது, இதற்கு ஒரு வழி யோசிக்கலாம் என்று இழுத்தேன்.

“என்ன வழி?” என்று என் மனைவி தோசையைத் திருப்பிப் போட்டாள். “சாமுவேல உக்கார வெச்சீங்க இல்ல? இவளையும் உக்கார வைங்க. முடியாதுன்னா அவனப் போய்ப் பாருங்க. ரெண்டுல ஒண்ணு.”

ஷாரோன் தட்டைவிட்டு நிமிரவில்லை. “நான் போகட்டுமான்னு கேக்கலப்பா, போகத்தான் போறேன். அடுத்த மேட்ச் பெஞ்சுல உக்காரச் சொன்னா உக்காந்துக்கறேன். நீ வருவியா, அத மட்டும் சொல்லு.”

சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் எல்லார் எதிரிலும் சாமுவேலிடம் மன்னிப்புக் கேட்டு, சட்டத்தை எடுத்துவிட்டதாகச் சொல்லி, போதகரின் சம்மதத்தோடு ஞாயிறு பிரசங்கத்தை அவனிடமே ஒப்படைத்துவிட்டு, மறுநாள் காலை எட்டு மணிக்கு ஷாரோனை வண்டியில் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பினேன்.