வெள்ளைச் சட்டையில் பதினோரு டிரெய்லர் டிரைவர்கள்

ராயபுரத்து ஜானட்டுக்குப் பதினெட்டு வருஷமாக ஒரே வேலை. திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டு அலுவலகத்தில் மெயிலில் வரும் கன்டெய்னர் நம்பரை எக்செலில் தட்டி, அதையே கேட் பாஸுக்காக இன்னொரு முறை தட்டி, வாட்ஸ்அப்பில் டிரைவர்களுக்கு நேரம் அனுப்ப வேண்டும். தட்டித் தட்டி, மகன் பிறந்த தேதியைக் கேட்டாலும் கன்டெய்னர் நம்பர் மாதிரி முதலில் நாலு ஆங்கில எழுத்தைச் சொல்லிவிட்டுத்தான் எண்ணுக்கு வருவாள்.

போன மாதம் அவள் கம்ப்யூட்டரில் ஓர் ஏஐ உதவியாளரைப் போட்டுக் கொடுத்தார்கள். சொன்னால் போதும், அதுவே மெயிலைத் திறந்து, எக்செலுக்குத் தாவி, கேட் பாஸையும் போட்டுவிடும். திரையில் அம்பு தானாக ஓடுவதை ஜானட் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படிச் சும்மா உட்கார்ந்ததில்லை.

சும்மா இருக்க முடியவில்லை. மாதா கோயில் பாடற்குழுவுக்கு அவள்தான் செயலாளர். "சனிக்கிழமை மாலை ஐந்துக்குக் கோயிலில் ஒத்திகை, குரூப் போட்டோ. வெள்ளை உடுப்பு. சில்லென்று எதுவும் குடிக்காதீர்கள்" என்று அதே திரையில் அடித்தாள்.

உதவியாளர் கேட்டது: "டிரைவர்களுக்கான கேட் நேரம், பாடற்குழுவுக்கான ஒத்திகை என்று இரண்டு செய்திகளும் இரண்டு பட்டியல்களும் திறந்திருக்கின்றன. இரண்டையும் எல்லோருக்கும் அனுப்பட்டுமா?"

ஜானட் போனில் வஞ்சிர மீன் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். படிக்காமல் 'ஆம்' அமுக்கினாள்.

சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கோயில் வாசலில் பதினோரு டிரெய்லர் டிரைவர்கள், வெள்ளை வெளேரென்று நின்றார்கள்.

"இன்னா பகலவா, இங்க இன்னா பண்றீங்க?" என்று முன்னால் நின்ற டிரைவரைக் கேட்டாள் ஜானட்.

"நீதான்க்கா மெசேஜ் போட்ட. கம்பெனி போட்டோன்னு நெனச்சிகினோம். காலைலேர்ந்து மோர்கூட குடிக்கல. இந்த வேம்பு, அவன் மச்சானோட கல்யாணச் சட்டைய மாட்டிகினு வந்துகீறான்."

அதற்குள் போன் அடித்தது. பாடற்குழுவின் கஸ்பார், எழுபது வயது.

"ஜானட்டு, நீ ரெண்டாவதா போட்ட மெசேஜைப் பாத்து யார்டு மூணாம் நம்பர் கேட்டாண்ட வந்து நிக்கிறேன். வாட்ச்மேன் டிரெய்லர் எங்கன்றான். நான் சைக்கிள்ல வந்துகீறேன்மா."

ஜானட் தலையில் கைவைத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பங்குத் தந்தைக்கோ ஒரே சந்தோஷம். வந்தவர்களைத் திருப்பி அனுப்புவானேன் என்று எல்லோரையும் பின்வரிசையில் நிறுத்தினார். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஹாரனுக்கு மேல் கத்திப் பழகிய தொண்டைகள். முதல் 'அல்லேலூயா'வுக்கே மணிக்கூண்டுப் புறாக்கள் மொத்தமாகப் பறந்துபோயின.

திங்கட்கிழமை நடந்ததைச் சொன்னதும் உதவியாளர் வருத்தம் தெரிவித்தது.

"வுடு," என்றாள் ஜானட். "நீ ஒழுங்காத்தான் கேட்ட. நான்தான் மீனைப் பாத்துகினு இருந்தேன்."